முதல் கவளம்

கரைக்கு இருபதடி இருக்கும்போது, எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஜெஸ்வின் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அதுவரை எங்கள் படகுதான் முன்னால். ஒரு மூச்சு நேரத்தில் என் தம்பி லோகுவின் படகு எங்களைத் தாண்டிக் கரையைத் தொட்டது.

எண்ணூர் ஆற்றுத் திருவிழாப் படகுப் போட்டியில் ஜெயித்தவனுக்குத் தனி மரியாதை உண்டு. அன்று காலை அதே ஆற்றில் பிடித்த மீனைக் குழம்பு வைத்து, மேடையில் முதல் கவளத்தை அவனுக்குத்தான் கொடுப்பார்கள்.

கரையேறியதும் ஜெஸ்வினின் சட்டையைப் பிடித்தேன்.

"இன்னாடா பண்ணிட்ட? என் தம்பிக்கு வுட்டுக் குடுத்தியா?"

"இல்ல மாமு. நீ ஜெயிக்கக் கூடாதுன்னுதான் நிறுத்துனேன்."

"இருபது வருஷத்து தோஸ்துடா நீ!"

"அதனாலதான்." அவன் குரல் தாழ்ந்தது. "விடிகாலைல எங்க கம்பெனி கழிவுத் தண்ணிய ஆத்துல தொறந்து வுட்டாங்க. வால்வ திருப்புனதே நான்தான். அந்த மீன நீ துன்னக் கூடாது மாமு."

"அத வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடா?"

"சொன்னா வேல பூடும்."

"அப்போ என் தம்பி? நீ தோள்ல தூக்கிகினு சுத்துன புள்ளடா அவன்!"



மேடையில் கைதட்டல் எழுந்தது. லோகு முதல் கவளத்தை விழுங்கியிருந்தான். இரண்டாவதை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு மைக்கில் எங்களைக் கூப்பிட்டான்.

"அண்ணா, ஜெஸ்வின் அண்ணனையும் இட்டுகினு வா! அவரு வுட்டுக் குடுத்துதான நான் ஜெயிச்சேன்!"