வலம் வரும் சிவப்புப் புள்ளி

ஜன்னல் வழியே விழும் வெயில் கணினித் திரையைப் பாதி வெளுக்கச் செய்கிறது. நூலக ஊழியர் சந்திரகலா இடது கையால் திரைக்கு நிழல் பிடித்தபடி, வலது கையால் மவுஸை அழுத்திக்கொண்டிருக்கிறாள். திரையில் இருப்பதை மவுஸால் பிடித்து இழுத்து வைக்க நேற்றுத்தான் கற்றுக்கொண்டாள். இணைய வரைபடத்தில் நூலகத்தின் சிவப்புப் புள்ளி செங்கம் ரோட்டு டீக்கடை ஒன்றின் மேல் நிற்கிறது. புத்தகம் தேடி வருகிறவர்கள் அங்கே டீ குடித்துவிட்டு அப்படியே திரும்பிப் போகிறார்கள். கிழக்கே ஒரு விரற்கடை நகர்த்தினால் புள்ளி நூலகத்துக்கு வந்துவிடும். ஆனால் அவள் இழுக்க, அது மேற்கே திரும்பி, பச்சையாகத் தெரியும், ஊரே வலம் வரும் மலையைச் சுற்றக் கிளம்புகிறது. “ஏங்க்கா, இந்தப் பக்கம் நகத்துனா முடிஞ்சிடுச்சே,” என்கிறாள் பக்கத்து நாற்காலியிலிருக்கும் நூலகர் நந்தினி. “அது எதிர்சுத்து ஆயிடும்ங்க மேடம்.” நந்தினி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து பின்னால் நிற்கிறார்கள். “பாத்து ஓரமா போங்க, ஆட்டோ ஜாஸ்தி அந்த ரோட்ல,” என்கிறார் கண்ணாடிக்காரர் ஒருவர். சந்திரகலா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே போகிறாள். மலைக்கு வடக்கே, பாதிக்கு மேல் வந்த பிறகு, வியர்த்த விரல் வழுக்குகிறது. புள்ளி துள்ளி மறுபடி டீக்கடை மேலேயே போய் உட்காருகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் உச்சுக்கொட்டுகிறார்கள். “குடுங்க்கா, நான் பண்றேன்,” என்று நந்தினி மவுஸை வாங்குகிறாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்காருகிறாள். கிழக்கே, ஒரு விரற்கடை தூரத்தில், நூலகம். புள்ளி மெதுவாக மேற்கே கிளம்புகிறது.