இடது பின் ஸ்பீக்கர்

"இதுலயும் பின்னால வரல, நவீன்பாய். வேற கேபிள் போடுங்க."

நவீன்பாய் கையிலிருந்த கேபிளைப் பார்த்தார். விரல் தடிமன், தங்க முலாம் பூசிய முனை, நாலாயிரம் ரூபாய். மும்பை லாமிங்டன் சாலையில் இருபத்தாறு வருஷமாகக் கடை வைத்திருக்கிறார். விலையைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றவர்கள் நிறையப் பேர். சத்தத்தைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றது இந்த அம்மாள்தான் முதல்.

வைஜயந்தி பேட்கர். அறுபதைத் தாண்டியவர். மழையில் நனைந்த பருத்திப் புடவை, தோளில் துணிப்பை, அதில் ஒரே ஒரு டிவிடி. துபாய்க்குப் போன மகன் விட்டுச்சென்ற ஹோம் தியேட்டருக்குக் கேபிள் வேண்டுமாம். அதே மாடல் ஒன்று கடையின் உள்ளறையில் இருந்ததால் நவீன்பாய் அந்த டிவிடியைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சத்தம் நல்லாத்தானே கேக்குது, தாயி?"

"கேக்குது. ஆனா முன்னால இருந்து கேக்குது. இந்த மழைக் காட்சியில ஓடிவர்ற காலடிச் சத்தம் என் முதுகுக்குப் பின்னால, இடது பக்கத்துல ஆரம்பிக்கணும்."

"படத்தைப் பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு!"

"படம் எப்படியோ வரட்டும். அதுக்கு மலிவா ஒண்ணு குடுங்க போதும்."

நவீன்பாய்க்குக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கத் தோன்றியது. இதைவிட உசத்தியான ஒன்றைப் போடுவதாகச் சொல்லி, ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்து, பழையதையே கழற்றித் திரும்பச் சொருகினார்.

அந்த அம்மாள் கண்ணை மூடிக் கேட்டார். "அதையே மறுபடி குத்தியிருக்கீங்க. சரியா உள்ள போகல போல, வலது பக்கம் கொரகொரங்குது."

நவீன்பாய் குனிந்து பார்த்தார். வலது முனை உள்ளபடியே பாதிதான் இறங்கியிருந்தது. அவருக்குக் காது சூடேறியது.

மூலையில் கொக்கியில் தொங்கிய மெல்லிய கறுப்புக் கேபிளை எடுத்தார். முந்நூறு ரூபாய்.

"முதல்லயே இதைக் காட்டியிருக்கணும், தாயி. நான் போட்டதெல்லாம் சிவப்பு, வெள்ளைன்னு ரெண்டே வழி. தங்கமே பூசினாலும் ரெண்டு வழிதான். இது ஆப்டிகல். இதுக்குள்ள வெளிச்சம் போகும். ஆறு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாச் சத்தம் பிரிஞ்சு வரும்."

"அப்ப நாலாயிரம்?"

"அது என் வியாபாரம், தாயி. மன்னிச்சிருங்க."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். நவீன்பாய் கேபிளைச் சொருகி, அதே காட்சியைப் போட்டார்.

மழை அறையை நிறைத்தது. பிறகு இடது பின்மூலையிலிருந்து யாரோ ஓடிவந்தார்கள். ஈர மணலில் கால் புதைந்து, எழுந்து, புதைந்து, நவீன்பாயின் தோளை உரசுவதுபோல் முன்னால் போனார்கள். அவர் தன்னையறியாமல் திரும்பிப் பார்த்தார். நாலு தடவை பார்த்த படம். இப்படி ஒரு ஓட்டம் இதில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"வந்துட்டாரு," என்றார் அந்த அம்மாள். கண் திறக்கவில்லை.

"நீங்க மியூசிக் டைரக்டர் யார்கிட்டயாவது வேலை பாத்தீங்களா, தாயி?"

"நானா? முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர்."

"அப்ப இந்தக் காது?"

அவர் டிவிடியை வாங்கிப் பைக்குள் வைத்தார். "கனெக்‌ஷன் குடுக்க நீங்களே வருவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு காலை நவீன்பாய் பரேலில் அவர் வீட்டுக்குப் போனார். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் கணவர் அனந்த் உட்கார்ந்திருந்தார். மடியில் போர்வை. வணக்கம் சொன்னதற்குத் திரும்பவில்லை.

தேநீர் கொடுக்கும்போது வைஜயந்தி தாயி குரலைத் தாழ்த்தினார். "சர்க்கரை. முழங்காலுக்குக் கீழ ரெண்டு காலையும் எடுத்துட்டாங்க. அஞ்சு மாசமா ஒரு வார்த்தை பேசல. சாப்பாடும் பேருக்குத்தான்."

நவீன்பாய் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். பின் ஸ்பீக்கர்களை நாற்காலிக்கு இருபுறமும் சரியாக வைத்துக் கேபிளைச் சொருகினார். அந்த அம்மாள் டிவிடியைப் போட்டு, நேரே அந்தக் காட்சிக்குப் போனார்.

திரையில் கதாநாயகன் மழையில் ஓடினான்.

நவீன்பாய்க்குப் பகீரென்றது. காலில்லாத மனிதருக்கு முன்னால் இதையா போடுவது? அனந்தின் கை நாற்காலியை இறுகப் பிடித்திருந்தது, கண்களில் நீர் வழிந்தது. இவ்வளவு பெரிய காதை வைத்துக்கொண்டு இந்த அம்மாளுக்கு மனசு இல்லாமல் போய்விட்டதே என்று நினைத்தபடி, நவீன்பாய் ரிமோட்டை எட்டி எடுத்தார்.

"நிறுத்தாதீங்க."

ஐந்து மாதம் பூட்டிக் கிடந்த குரல் கரகரத்தது. அனந்த் திரையைப் பார்க்கவில்லை. தலையை இடது பின்பக்கம் திருப்பி, ஓடிவரும் அந்தக் காலடிகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஹீரோ முகத்தை மட்டும்தான் குடுத்தாரு, பாய். ஸ்டூடியோவுல ஈர மணலைக் கொட்டி, மைக்குக்கு முன்னால அவருக்காக ஓடினது என் கால்."