சும்மா கையை ஆட்டு

"ஸ்பீக்கர் பெட்டி ஒண்ணு. கிட்டார் வயர் சொருக அதுல ஓட்டையும் ஒண்ணு. அது பெரியவனுக்கு. உன் வயரோட மறுமுனை பெட்டிக்குப் பின்னால சும்மா கிடக்கும். நீ கையை ஆட்டிக்கிட்டுச் சிரி, போதும்," என்றார் அப்பா.

பொடிசு தலையாட்டினாள். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. 'ஒரே குடும்பம், ஐந்து கலைஞர்கள்' என்று சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. தலை குறையக் கூடாதே என்றுதான் அவளுக்கு மேடை. பின்னாளில் உலகமே கொண்டாடப்போகிற அந்தக் குடும்ப இசைக்குழு, அன்று ஒரு பொருட்காட்சி மேடைக்கே தவம் கிடந்தது.

முதல் வரிசையில் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் ஊர் ஊராகக் கச்சேரி. ஆனால் வாசிக்கிறவர்களுக்குத்தான் வண்டியில் இடம்.

"வாசிக்கத் தெரியாததைக் கூட்டிட்டுப் போய்க் கட்டி மேய்க்க முடியாது. சித்தி வீட்ல இருக்கட்டும்," என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

தெரியாதாமே! குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பெரியண்ணன் ஒவ்வொரு பாட்டாகச் சொல்லிக்கொடுத்தது அப்பாவுக்கு எங்கே தெரியும்? சொன்னாலும், "விரல் எட்டாத வயசு" என்று சிரிப்பார்.

திரை விலகுமுன் அவள் அண்ணனிடம் போனாள். அவன் பெட்டிக்குப் பின்னால் குனிந்து வயரைச் சொருகிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, சொல்லிக் குடுத்ததுக்கெல்லாம் தேங்க்ஸ்ண்ணே. நீங்கல்லாம் கிளம்பிட்டா அப்புறம் சொல்ல முடியாது."

"இப்ப என்ன அவசரம்? கச்சேரி முடியட்டும், அப்ப சொல்லு."

கச்சேரி தொடங்கியது. யாருக்கும் கேட்கப்போவதில்லை என்ற துணிச்சலில் பொடிசு வெளுத்து வாங்கினாள். மூன்றாவது பாட்டில் ஆசையை அடக்க முடியாமல் நடுவே ஒரு துள்ளலைச் சேர்த்தாள். அதே துள்ளல் பெட்டியிலும் கேட்டது. அண்ணனுக்கும் அதே இடத்தில் அதே ஆசையா? அவளுக்குப் பூரித்துப்போயிற்று. இப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

கைதட்டல் அடங்குமுன் கம்பெனிக்காரர் மேடைக்கே வந்துவிட்டார்.

"மூணாவது பாட்டுல கிட்டார் ஒரு துள்ளு துள்ளிச்சே! அந்தக் கை எனக்கு வேணும். நாளைக்கே ஒப்பந்தம் போட்டுடலாம்."

அப்பா பெரியவனை இறுகக் கட்டிக்கொண்டார். "குடும்பத்தையே கரையேத்திட்டடா, ராசா! நீ நல்லா இருப்பே!"

பொடிசு மூலையில் ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து, கிட்டாரை மடியிலிருந்து இறக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சித்தி வீடு.

வயர் சுற்றுவதை அப்பா எப்போதும் யாரிடமும் விடமாட்டார். கண்ணைத் துடைத்தபடி ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கி, முழங்கையில் சுற்றிக்கொண்டே அது போன வழியில் நடந்தார். பொடிசின் மடியில் கிட்டார் வெடுக்கென்று இழுபட்டது.

அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"என்னவோ தேங்க்ஸ் சொல்லணும்னியே, பொடிசு," என்றான் அண்ணன், அன்று முழுக்கச் சத்தமே வராத தன் கிட்டாரைக் கழற்றியபடி. "இப்பச் சொல்லு."