மொய்யில் வந்த விலாசம்

அந்த ஆள் பேரைச் சொன்னதும் நான் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால் என் முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

ப. வேல்பாண்டி என்று அடித்தேன்.

இராஜபாளையம் மண்டபங்களில் கம்ப்யூட்டர் மொய் அடிப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. இன்று ஒரு காதுகுத்து வீடு.

பெற்ற பிள்ளைக்கு மாதம் நாலாயிரம் கொடுக்கச் சொல்லி இந்த ஆளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் உத்தரவாகிப் பதினோரு வருடம் ஆகிறது. இரண்டு மாதம் கொடுத்தார். அப்புறம் ஆளைக் காணோம்.

பாக்கியைக் கேட்டு மனுப் போட்டோம். நோட்டீஸ் மூன்று முறை திரும்பி வந்துவிட்டது. நாளைக்கு வாய்தா. நாளையும் விலாசம் இல்லாமல் போய் நின்றால் மனு தள்ளுபடிதான் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

திருப்பூரில் தேடினோம், கோயம்புத்தூரில் தேடினோம். ஆள் இதோ என் மேஜைக்கு முன்னால் நிற்கிறார், கையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்களோடு.

மனுவோடு வைத்த கல்யாணப் போட்டோவில் முடி நிறைய இருந்தது. இப்போது பாதி போய்விட்டது. மூக்கு மட்டும் அப்படியே.

ஊர் கேட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றார்.

கோர்ட் இருக்கிற அதே ஊர்!

தெருவைக் கேட்பதற்குள் மடவார் வளாகம் என்று ஆரம்பித்து, தெருப் பேரையும் கதவு எண்ணையும் அவரே சொல்லிவிட்டார். மறைக்கத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும், செய்த மொய் திரும்பி வர வேண்டுமே. கோர்ட்டுக்குத் தெருப் பேர்கூடச் சொல்லாதவர்கள் மொய்க்குப் பின்கோடு வரைக்கும் சொல்வார்கள். இந்த மேஜையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது அது.

“செல் நம்பரையும் போட்டுக்கோ தாயி. அடுத்த மாசம் எங்க வீட்டுலயும் காதுகுத்து வருது. நம்ம செஞ்சது விட்டுப்போயிறக் கூடாதுல்ல.”

நம்பரை இரண்டு முறை வாசித்துக் காட்டிச் சரிபார்த்தேன். இத்தனை கவனமாக நான் யாருக்கும் அடித்ததில்லை.

ரசீதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பந்திப் பக்கம் நடந்தார். இன்னொரு ரசீது அடித்து என் கைப்பைக்குள் வைத்தேன். நாளைக்கு எந்த பஸ், வக்கீலிடம் முதலில் என்ன சொல்வது என்பதுகூட முடிவாகிவிட்டது.

போனவர் எதையோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார். மேஜையில் ஆயிரம் ரூபாயை வைத்தார்.

“மக பேருலயும் தனியா எழுதிரு தாயி. எங்க ஆத்தா பேரைத்தான் வச்சிருக்கேன். கனகலட்சுமி.”

மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பேரை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

இரைச்சலில் எனக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து இன்னொரு தடவை நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

பத்தொன்பது வருடமாக என் பேரும் அதுதான்.