ஆறு வீட்டுச் சோடா

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, உகாண்டா நாட்டு மசாகா ஊரில் நடந்த கதை ஒன்று சொல்கிறேன்.

செம்வாங்கா வீடு திரும்பியபோது வயிறு மத்தளமாக உப்பி, மூச்சே திணறியது. மனைவி நபுகேரா பயந்துபோனாள்.

"என்னத்தைங்க குடிச்சீங்க?"

"சோடாதான். போன ஆறு வீட்டுலயும் திறந்து கையில குடுத்துட்டாங்க."

"வேணாம்னு சொல்ல வாயில்லையா?"

"விருந்தாளி வேணாம்னா வீட்டுக்காரங்க முகம் வாடிடும். அப்புறம் நான் சொல்றதை யாரு கேப்பா?"

"கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"அங்க மட்டும் வேணாம்மா."

"ஏன்?"

"வீடு வீடாப் போய், சோடா குடிச்சா வயிறு உப்பும்னு சொல்லிட்டு வான்னு அனுப்பினதே அவங்கதான்."

"சனங்க கேட்டாங்களா?"

"கேட்டாங்களே. இனிமே தொடமாட்டோம்னு, கையில வச்சிருந்ததையும் எனக்கே குடுத்துட்டாங்க."

உங்கள் வீட்டில் எல்லோர் வயிறும் நிறையட்டும், ஒருவர் வயிறும் உப்பாதிருக்கட்டும்.