சிவப்பு நகப்பூச்சு

கொரோனா வார்டுக்குத் தவமணி ஆயா வேலைக்குப் போன அன்றே தெரு கதவைச் சாத்திக்கொண்டது. ஜன்னலைச் சாத்தவில்லை, வேடிக்கை பார்க்க வேண்டுமே!

அங்கே ஆயாக்கள் தங்கள் டீ டம்ளரில் சிவப்பு நகப்பூச்சால் பேர் எழுதிக்கொள்வது வழக்கம். அலமாரியில் டம்ளர் பதினொன்று. ஆள் மூன்றே பேர். மற்றவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனவர்கள்.

"பேர் எழுதினவ ஒருத்தியும் பத்து நாள் தாண்டலடி," என்றாள் மூத்த ஆயா குருவம்மா.

"நீ மட்டும் இந்த ஆஸ்பத்திரியில இருபது வருசமா இருக்கியேக்கா?"

"நான் எங்கடி எழுதினேன்?"

வேலை போனால் தவமணி வீட்டில் உலை ஏறாது. பேரில்லாத டம்ளரிலேயே குடித்தாள். ஆள் குறையக் குறைய ஒரு ஷிப்டு இரண்டானது, இரண்டு மூன்றானது. மகராசி, பெட்பேனைக் கையில் பிடித்தபடியே தூங்கவும் பழகிக்கொண்டாள்.

பத்தாம் நாள் காலை டீக்கு டம்ளரை எடுத்தாள். 'தவமணி' என்று இருந்தது. பூச்சு இன்னும் காயவில்லை.

"யாருக்கா இந்த விளையாட்டு விளையாடுறது?"

குருவம்மா தவமணியின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவமணி கையைச் சேலைக்குள் மறைத்தாள். விரல் நுனி பிசுபிசுத்தது.