விதி எண் பதினொன்று

"பழைய வேலைய ஏன் விட்டீங்க?" என்று கேட்டார் மேலாளர், விண்ணப்பத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யாரும் போகச் சொல்லல மேடம். வயசாச்சுன்னு நானே ஒதுங்கினேன். அங்கதான் புத்தி பிசகிப்போச்சு," என்றார் பெரியவர்.

அறுபத்தாறு வயதில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கணக்கர் வேலை கேட்டு வந்திருந்தார். வீட்டில் சும்மா இருந்த மூன்று மாதத்தில் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் வரிசை எண் ஒட்டி, சர்க்கரை குறைந்ததற்கு மனைவியிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தார். தினமும் பத்து மணிக்குள் அவர் வெளியே கிளம்பாவிட்டால் தான் கிளம்பிவிடுவதாக அந்த அம்மாளும் எழுத்துமூலமே பதில் கொடுத்துவிட்டாள். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை.

உட்கார்ந்த நாற்காலி ஒரு பக்கமாக ஆடியது. வருகிறவர்கள் சீக்கிரம் எழுந்து போகட்டும் என்று எந்தக் கஞ்சனோ வாங்கிப் போட்டது.

பழைய முதலாளியைப் பற்றி மேலாளர் கேட்டதும் பெரியவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மாடிப்படிக்கு அடியில் ஒரே மேஜையோடு ஆரம்பித்து, முப்பத்தைந்து வருடத்தில் இருபது பேருக்கு வேலை கொடுத்த மனிதர் என்றார். ஆனால் சரியான முசுடு. புதுப் பென்சில் வேண்டுமென்றால் பழைய பென்சிலின் துண்டைக் காட்ட வேண்டும். யாராவது சிரித்தால் என்ன சிரிப்பு என்று கேட்பார். தனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்ற நினைப்பு வேறு.

"அவர்கிட்ட நல்ல குணம் ஒண்ணுகூட இல்லையா?"

பெரியவர் மோவாயைத் தடவினார். "ஒண்ணு உண்டு மேடம். எழுதிவச்ச விதிய யாருக்காகவும் வளைக்க மாட்டார். பெத்த பொண்ணையே எதிர்ல உக்காரவச்சு, நாலு கேள்வி கேட்டுத்தான் வேலைக்கு எடுத்தார்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மேலாளர் மேஜை இழுப்பறையைத் திறந்து, பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அலுவலக விதிகள். பதினொன்றாவது விதி: அறுபது வயது தாண்டியவரை வேலைக்கு எடுக்கக் கூடாது, எவர் சிபாரிசும் செல்லாது.

பெரியவர் இரண்டு முறை படித்தார்.

"எல்லாம் என் விதி," என்றார்.

"ஆமாம்ப்பா, உங்க விதியேதான்," என்றாள் மகள். "கீழ பாருங்க, 'நிறுவனர்'னு பச்சை மையில நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."